அந்தியொளியில் அடுக்குமலைகள்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் ஒளிப்படக் கலையைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். மலையை எவ்வாறு காண்பது என்னும் வினா கவிஞர்க்கும் ஒளிப்படக் கலைஞர்க்கும் பொதுவானது. ஆதலின் இப்பொருளைத் தேர்ந்தேன்.

கிரிவலப் பாதையின் மேற்குப் பகுதியில் அந்தி வேளையில் நின்று வடமேற்கே நோக்குங்கள். அண்மைக் குன்று கருமையாய், அடுத்தது நீலமாய், அதற்கும் அப்பாற்பட்ட சவ்வாது மலை வெளிறிய சாம்பலாய்த் தோன்றும். இவ்வேறுபாட்டைத் தருவது இடையே நிற்கும் காற்று. அது சிதறடிக்கும் ஒளி, தொலைவு கூடுந்தோறும் மலைமீது திரையெனப் படிகின்றது. கதிரவன் சாயும்போது ஒளி காற்றினூடே நெடுவழி கடப்பதால் நீலம் வழியிலேயே சிதறி, செம்மையும் பொன்மையும் எஞ்சுகின்றன. கலைஞர் முக்காலியில் காமிராவை நிறுத்தி, டெலி லென்ஸைப் பொருத்தி, வானின் ஒளிக்கேற்ப அளவு வைப்பார். குன்றுகள் ஒன்றையொன்று நெருங்கி அடுக்காய் நிற்கும்.

இம்முயற்சி நம் நிலத்துக்குப் புதிதன்று. சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராய் விளங்கிய லின்னேயஸ் டிரைப், இராயக்கோட்டை முதலிய அன்றைய சேலம் மாவட்டக் காட்சிகளைப் படமெடுத்து 1858இல் தொகுப்பாக வெளியிட்டார். அக்கால நெகடிவ் நீல ஒளியையே மிகுதியாக ஏற்கும். எனவே வானமும் தொலைமலையும் வெளுத்துப்போகும். டிரைப் தம் நெகடிவ்களில் தூரிகையால் முகில்களைத் தீட்டினார். கருவி காணாததைக் கை நிரப்பியது.

இனி நம் மரபுக்கு வருவோம். தொல்காப்பியர் குறிஞ்சிக்கு யாமத்தையும் முல்லைக்கு மாலையையும் உரிமையாக்கினார். நிலங்கள் தம்முள் மயங்கா; பொழுது மயங்கலாம் என்பதும் அவர் வகுத்ததே. அந்தி மலைப்படம் என்பது குறிஞ்சி நிலத்தில் முல்லைப் பொழுது வந்து தங்குவது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். இத்தகைய படங்கள் நம்மைக் காத்திருப்போரின் மனநிலைக்கு ஆட்படுத்துவதன் காரணம் இதுவே என்பது என் கருத்து.

எனினும், அம்மென்மை மறைப்பதும் உண்டு. இவ்வட்டாரத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய பெருங்கௌசிகனார், மலைபடுகடாத்தின் 583 அடிகளில் மலையைத் தொலைவில் நிறுத்தி வியக்கவில்லை. வழியின் இடர்களைச் சொன்னார். மலையில் எழும் ஓசைகளைக் கேட்கச் செய்தார். அங்கு வாழ்வோரைக் காட்டினார்.

2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில், இதே அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் சிறார் உட்பட 7 பேர் மாண்டனர். அந்தியொளியில் எடுத்த படத்தில் அச்சரிவு ஓர் இருண்ட கோடு மட்டுமே. அதன் அடியில் உள்ள வீடுகள் அக்கருமையில் கரைந்துவிடும்.

அவ்வழகைத் துறக்குமாறு நான் சொல்லவில்லை. தொலைவு மலைக்கு நீலம் பூசும். அதை ஒளிப்படம் உள்ளபடி காட்டுகின்றது. அந்நீலத்துள் விளக்கேற்றிக் காத்திருப்போர் யாவர் எனச் சொல்லும் கடமை கவிஞருடையது. அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிதைகள் அப்பணியை மேற்கொள்ளுமாக.