பேராசிரியர் காணாத வகுப்பறை

இன்று கல்வியியலில் பட்டம் பெறும் ஆசிரிய நண்பர்களே,

காலையில் காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கு வரும்போது வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதைப் பார்த்தேன். அவர்கள் அணியும் சீருடையும் சுமக்கும் பாடநூலும் அரசு இலவசமாகத் தருபவை. 1945இல் இலங்கையின் கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வியின் தொடர்ச்சி அது. ஆனால் அதே நாட்டில், அதே ஆண்டில், மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. பல இடங்களில் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர். 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் தாமதம்!

இந்தத் தாமதத்தைப் பற்றி விடாமல் எழுதியவர் பேராசிரியர் சோ. சந்திரசேகரன். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். பதவி உயர்வுக்குரிய ஆய்வோடு அவர் நின்றுவிடவில்லை. ‘இலங்கை இந்தியர் வரலாறு’ எழுதினார். மலையகத்தின் கல்விப் பின்னடைவைச் சமூகத்தின் முன் வைத்தார். உலகக் கல்விச் சிந்தனைகளை, தமிழில் பயிலும் ஆசிரியருக்கு விளங்கும் தமிழில் நூல்களாகத் தந்தார்.

வைத்தியப் பேராசிரியர் நோயாளியை நேரே காண்பார். சந்திரசேகரன் போன்ற கல்வியியல் பேராசிரியரோ தம் உழைப்பின் பலனைப் பெறும் பிள்ளையைப் பெரும்பாலும் காண்பதில்லை. அவர் ஆசிரியருக்குக் கற்பிக்கிறார். ஆசிரியர் பிள்ளைக்குக் கற்பிக்கிறார். நடுவில் நிற்கும் நீங்கள் தளர்ந்தால், அவருடைய ஆயுட்கால உழைப்பு நூலகத்து அலுமாரியோடு முடிந்துவிடும்.

நண்பர்களே, கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு நியமனம் வந்தால், இடமாற்றக் கடிதத்தோடு அலையாதீர்கள். சில ஆண்டுகளாவது அங்கே இருங்கள். கடைசி வாங்கில் இருப்பவளின் பெயரை முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை “மொக்கு” என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். தோட்டத்து லயன் அறையில் படிக்க மேசை இல்லாதவளுக்கு, பாடசாலை முடிந்த பின்னும் வகுப்பறையைத் திறந்து வையுங்கள்.

இன்று உங்கள் கைக்கு வரும் பட்டத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.