சித்திரக்காரர் வாசலில் நாம்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சித்திரம் வாங்குவதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்ததும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நியாயமான சிரிப்புத்தான். அரிசி வாங்கிய கடன் தீரவில்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு நிற்கிறது, இதில் சித்திரம் வேறா என்று கேட்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். கேட்டுவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்ததைச் சொல்லுகிறோம்.

சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். 1959ல் அங்கே நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கலைப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவராக இருந்தவர். அந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தப் பள்ளியின் காவலாளி! 1923ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் அந்தக் கடற்கரைப் பக்கம்தான். ஆகவே கலை என்பது சீமான்களின் கூடத்துச் சரக்கு, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நம் உடம்பைப் பார்த்துத்தான் அவர்கள் வடித்தார்கள். வடித்தவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நாம்தான் இதுவரை விசாரித்ததில்லை.

ராய் சௌத்ரியிடம் பயின்று, அவருக்குப் பின் 1957ல் அந்தப் பள்ளியின் தலைமைக்கு வந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர். அவரிடம் படித்த வாலிபர்கள் நல்ல சித்திரக்காரர்களாக வெளியே வந்தார்கள். ஆனால் சித்திரத்தை வாங்கத்தான் ஆளில்லை. விளம்பரக் கம்பெனிக்குப் போக வேண்டும், அல்லது ஏதாவது ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக வேண்டும். இந்த நிலையில் ஆசிரியரும் மாணவர்களுமாகச் சுமார் முப்பது, நாற்பது பேர் ஒன்று சேர்ந்தார்கள். சர்க்கார் தயவுக்காகவோ, தனவந்தர் தயவுக்காகவோ காத்திருக்கவில்லை. கைத்தொழில் சங்கம் ஒன்று அமைத்தார்கள். பாட்டிக் துணி, தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்டம் என்று விற்கக்கூடிய பொருள்களைச் செய்தார்கள். விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பொதுநிதியில் போட்டார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. முதலில் ஓலைக் குடிசைகள். பிறகு அவரவர் வீடு, அவரவர் பட்டறை. துணியை விற்றுச் சோறு, மீந்த நேரத்தில் சித்திரம். இதுதான் அவர்கள் கண்ட வழி.

தோழர்களே, பொதுநிதி என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. மாதா மாதம் சந்தா கொடுக்கிறவர்கள் நீங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒன்பது பேர் பஸ் ஏறி அங்கே போனோம். ஆலையிலிருந்து ஆறு பேர், வயல் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். உண்மையைச் சொல்லுகிறோம், வாசலில் கால் கூசியது. செருப்பைக் கழற்றுவதா, வேண்டாமா? உள்ளே விடுவார்களா? ஆலை கேட்டை மறித்து நின்ற கால்கள் அங்கே தயங்கி நின்றன! ஒருவரும் தடுக்கவில்லை. மரநிழலில் கல்லிலும் உலோகத்திலும் செய்த சிற்பங்கள் நிற்கின்றன. சென்னைக் கலைஞர்களின் சித்திரங்களுக்கென்று 2009ல் திறந்த காட்சிச்சாலை இருக்கிறது. தொடங்கியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பணிக்கர் 1977ல் காலமானார். வீடுகள் குடியிருக்கும் வீடுகள் ஆகையால், கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். நாமும் நம் வீட்டில் அப்படித்தானே எதிர்பார்ப்போம்?

பல சித்திரங்கள் எங்களுக்குப் புரியவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. பணிக்கரே தம் பிற்காலத்துச் சித்திரங்களில் எழுத்தைப் போலவும் ஜாதகக் கட்டத்தைப் போலவும் குறிகளை நிரப்பியவர். அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்ற தோழர் ஒருவர் தோற்றுப்போனார். ஆனால் பாட்டிக் பேச்சு வந்தபோது நிலைமை மாறிவிட்டது. உருக்கிய மெழுகால் துணியில் கோலம் போட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த இடத்தில் மட்டும் நரம்பு நரம்பாய் ஏறும். இதை எங்களுக்கு விளக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஆலைச் சாயப் பிரிவில் இருபது வருஷம் கை வெந்த தோழர்! கொதிக்கிற தொட்டியில் துணியைப் போட்டால் மெழுகு உருகிவிடும், ஆகையால் ஆறின சாயத்தில்தான் தோய்க்க வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற சித்திரக்காரர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எங்களில் ஒருவருக்கும் கால் கூசவில்லை.

விலைக்கு வருவோம். நகரத்துக் காட்சிக்கூடம் ஒன்றில் சித்திரம் விற்றால், விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடத்துக்காரர் எடுத்துக்கொள்வது வழக்கம். இடம், வெளிச்சம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு என்பார்கள். இருக்கலாம். கமிஷன் மண்டிக்காரரும் நெல்லுக்கு அதையேதான் சொல்லுகிறார். பட்டறை வாசலில் வாங்கினால் கொடுத்த காசு செய்தவன் கையில் விழுகிறது.

கை மாறிக் கை மாறிப் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை தீட்டிப் பிழைத்த உசேன், 1954ல் நம் நாட்டுக் கிராம வாழ்க்கையை ஒரு பெரிய சித்திரமாகத் தீட்டினார். அவர் 2011ல் இறந்தார். அந்தச் சித்திரம் 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 118 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. (பணம் நார்வேயில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அது நல்ல காரியம், குறை சொல்லவில்லை.) மறுவிற்பனை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் கலைஞனுக்கோ அவன் வாரிசுக்கோ பத்து சதவீதம் வரையில் பங்கு பெற உரிமை உண்டென்று நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஏட்டில் இருப்பதைப் போல அதுவும் இருக்கிறது.

அப்படியானால் நாம் எதை வாங்க முடியும்? அங்கே வந்து வேலை செய்துகொண்டிருந்த ஓர் இளம் சித்திரக்காரர் வழி காட்டினார். லினோலியத் தகட்டில் உளியால் செதுக்கி, மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்கிறார். ஒரே தகட்டிலிருந்து ஐம்பது பிரதி. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கையெழுத்தும், ஐம்பதில் இது எத்தனையாவது என்ற எண்ணும் போடுகிறார். உழைப்பு ஐம்பது பேருக்குப் பங்காவதால் விலையும் இறங்குகிறது. வங்கப் பஞ்சத்தை ஊர் ஊராய் நடந்து வரைந்த சித்தபிரசாத் பிற்காலத்தில் இப்படித்தான் தகட்டில் வெட்டி அச்செடுத்தார். பெங்களூரில் வழக்கமாக ஜனவரியில் ஒரு ஞாயிறு தெருவையே சந்தையாக்கிச் சித்திரக்காரர்கள் தாமே விற்கிறார்கள். சில நூறு ரூபாய்ச் சித்திரமும் லட்ச ரூபாய்ச் சித்திரமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இளைஞரிடம் நடவுக் காட்சி ஒன்று இருந்தது. இரண்டாயிரம் என்றார். எங்கள் தோழர் ஒருவர் பழக்க தோஷத்தில், "ஆயிரத்துக்குக் கொடு தம்பி" என்று ஆரம்பித்தார்.

"காகிதமும் மையும் போக, செதுக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று அண்ணே" என்றார் இளைஞர்.

கூட வந்த களையெடுக்கும் அம்மாள் குறுக்கே பேசினார்: "அறுப்புக் கூலியைப் பாதியாக்குன்னு மிராசுதார் சொன்னப்போ நாம என்ன சொன்னோம்? அதையே இந்தப் புள்ளையும் சொல்லுது. குடுத்துட்டு வாங்க."

இரண்டாயிரத்தையும் கொடுத்தோம். ஒன்பது பேர் போட்ட பணம். ரசீதும் வாங்கினோம். தனி ஆளாய் அந்தத் தொகை எங்களில் ஒருவருக்கும் தாங்காது. இதை ஒளிக்கவில்லை. ஒரு வாரக் காய்கறியை விட்டுச் சித்திரம் வாங்கு என்று யாருக்கும் நாங்கள் சொல்லமாட்டோம்.

இப்போது அது சங்க ஆபீஸ் சுவரில், வட்டிக்கடைக் காலண்டர் தொங்கிய ஆணியில் தொங்குகிறது. முதல் மூன்று நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் அதே அம்மாள் வந்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நடவுக்காரி பின்னாடி நகர்ந்துதான் நடுவா. நட்ட நாத்து அவ முகத்துக்கு முன்னால நிக்கணும். இங்கே முதுகுக்குப் பின்னால நிக்குதே? நட்டதை மிதிச்சுக்கிட்டா போறா?"

எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒன்பது பேர் பார்த்து வாங்கியதில் இது யார் கண்ணிலும் படவில்லையே! கடையில் வாங்கியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பட்டறை தெரியும், ஆளும் தெரியும். போன் போட்டுச் சொன்னோம். இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தாம் வயலில் இறங்கியதே இல்லை, போட்டோவைப் பார்த்துச் செதுக்கியது என்று ஒப்புக்கொண்டார். குறுவை நடவுக்கு வந்து வரப்பில் உட்கார்ந்து வரைகிறேன் என்றிருக்கிறார். வரப்பில் உட்கார்ந்தால் போதாது, சேற்றில் இறங்கி ஒரு முடி நாற்றாவது நட வேண்டும் என்று அம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறார். அவருடைய பஸ் செலவைச் சங்கக் கணக்கில் எழுதலாமா என்பதைப் பொருளாளர்தான் சொல்ல வேண்டும்.