தரங்கம்பாடியில் ஒரு ஞாயிறு

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையைப் பார்ப்பார்கள், கடலில் கால் நனைப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். ராஜ வீதியிலுள்ள புதிய எருசலேம் கோயிலை வெளியே நின்று படம் பிடித்துக்கொள்வதோடு சரி. ஆனால், அதற்குள் முந்நூறு ஆண்டுகளாகத் தமிழில் ஆராதனை நடந்துவருகிறது.

1706 ஜூலையில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இங்கே வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியாரை வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். மறு வருடம் மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றுக்கொண்டவர்கள் ஐந்து பேர்; டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். இந்தச் சபைக்கு வேர் அவர்கள்தான் என்பேன்.

அந்த வருடமே கட்டிய சின்னக் கோயில் போதாமல் போகவே, 1718இல் இப்போதுள்ள கோயிலைக் கட்டினார்கள். முகப்பை அண்ணாந்து பாருங்கள்: டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை, மேலே கிரீடம், கூடவே அந்த ஆண்டு. கட்டி முடித்த நான்கே மாதங்களில், 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்துபோனார். பீடத்துக்கு முன்னாலேயே அடக்கம் செய்தார்கள். திருவிருந்து வாங்கப் போகிறவர்கள் இன்றும் அந்தக் கல்லறையின் பக்கமாகத்தான் நடக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயிலுக்குள்ளும் சாதி வந்தது. சபையாரைத் தனித்தனியாக உட்காரவைத்தார்கள். 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார், பெருமைதான். ஆனால் ஊர் ஊராக உழைத்த உபதேசியார் ராஜநாயக்கனுக்கு, மேல்சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று சொல்லி, அந்தப் பட்டத்தைத் தரவில்லை. அது அநியாயம்.

1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். சபை போகவில்லை. 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்தது. கோயில் நின்றது. பழுது பார்த்து மறுபடி ஆராதனை நடத்தினார்கள்.

அடுத்த முறை தரங்கம்பாடிக்குப் போனால், ஞாயிறு காலையில் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பின்வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அந்தத் தமிழைக் கேளுங்கள்.