எண்ணெய் முழுக்கும் எச்சரிக்கையும்

தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கோ, மும்பைக்கோ, கொல்கத்தாவுக்கோ குடிபெயரும் குடும்பங்களின் மூட்டைகளில் சில பொருள்கள் தவறாமல் இடம்பெறும். காப்பிப் பொடி, சாம்பார்ப் பொடி, அப்பளம், வடகம் ஆகியவற்றோடு தனியே ஒரு துணிப் பையில் சீயக்காய்ப் பொடியும் வந்து சேரும். ஊருக்குச் சென்று திரும்புவோரிடம் நாம் கேட்டு அனுப்பும் பொருள்களுள் அதுவும் ஒன்று. கரோல் பாகிலும் மாதுங்காவிலும் தமிழர் கடைகளில் அது எளிதில் கிடைக்கிறதெனினும், வீட்டில் அரைத்த பொடிக்கு உள்ள மதிப்பே வேறு. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று வகுத்துக்கொண்ட எண்ணெய் முழுக்கை, அலுவலகமும் பள்ளிக்கூடமும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டன. ஆயினும் பழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை.

இப்பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று சொல்வது நம் நோக்கமன்று. அதனைத் தீங்கின்றிக் கைக்கொள்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஊரில் எண்ணெய் முழுக்கு எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வீட்டில் மூத்த பெண்மணி ஒருவர் உடன் இருப்பார். பொடியைச் சலித்து எடுப்பார். வடித்த கஞ்சியில் அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கரைப்பார். முதலில் எண்ணெய் தேய்த்து ஊறவிட்ட பிறகே சீயக்காய் தலையில் படும். குழந்தையைக் குனியவைத்து, "கண்ணை இறுக மூடிக்கொள்" என்பார். கிணற்று நீரோ ஆற்று நீரோ தாராளமாகப் புழங்கும். கரைத்ததில் மீதமானதை அப்போதே கொட்டிவிடுவார்கள். இவையெல்லாம் வெறும் சடங்குகள் அல்ல; ஒவ்வொன்றும் ஒரு பாதுகாப்பு. நாம் வெளியூருக்கு வந்தபோது பொடி நம்முடன் வந்துவிட்டது. அதனைச் சூழ்ந்திருந்த இப்பாதுகாப்புகளுள் பல ஊரிலேயே தங்கிவிட்டன. அவற்றை இங்கே நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், சீயக்காய் எவ்வாறு அழுக்கை நீக்குகிறது என்று அறிந்துகொள்வது நலம். அதன் காயில் சபோனின் என்னும் பொருள் அடங்கியுள்ளது. அது நீரில் கலந்ததும் நுரைக்கும். எண்ணெயும் நீரும் இயல்பாக ஒன்றோடொன்று சேர்வதில்லை. சபோனின் அவ்விரண்டையும் இணைத்து, எண்ணெயையும் அதில் ஒட்டிய தூசியையும் நீரோடு போக்கிவிடுகிறது. பூந்திக்கொட்டையிலும் இதே வகைப் பொருள் மிகுதியாக உண்டு. பட்டும் கம்பளியும் துவைக்க அதைப் பயன்படுத்துவது இதனால்தான். கொங்கு நாட்டார் விரும்பும் அரப்பு, உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்தது. செம்பருத்தி இலையும் வெந்தயமும் வேறு வகையின. அவற்றிலுள்ள வழவழப்பான பசை முடிக்கு மென்மை தருகிறது. அழுக்கை நீக்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு.

ஊரிலிருந்து பொடி வராத காலத்தில் உள்ளூர்க் கடையில் கேட்டு வாங்குவதற்கு, அவ்வூர் மொழியில் பெயர் தெரிந்திருக்க வேண்டும். வட இந்தியாவில் ஷிகாகாய் என்றால் விளங்கிக்கொள்வார்கள். பூந்திக்கொட்டைக்கு இந்தியில் ரீட்டா என்று பெயர். ஐதராபாத்தில் அதுவே குங்குடு காய். கன்னட நாட்டில் அண்டுவாளக் காய். வெந்தயம் மேத்தி எனவும், மருதாணி மெஹந்தி எனவும் வழங்கும். இயன்றவரை பொடியாக அன்றி முழுக் காயாக வாங்குவதே நன்று. காயைக் கண்ணால் பார்த்துத் தேறலாம். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பார்த்துக் கண்டறிவது அரிது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, கடைப் பொட்டலங்களில் அச்சிட்டுள்ள ஒரு சொல் எப்போதும் கண்ணில் படுகிறது. 'நேச்சுரல்' என்று ஆங்கிலத்திலும், 'பிராகிருதிக்' என்று இந்தியிலும், 'இயற்கையானது' என்று தமிழிலும் அது காணப்படுகிறது. வாங்குவோர் அச்சொல்லைத் 'தீங்கற்றது' என்று மனத்துக்குள் பெயர்த்துக்கொள்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பு பிழையானது. எட்டிக்காயும் இயற்கையில் விளைவதுதான். ஊமத்தையும் இயற்கையில் விளைவதுதான். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அச்சொல் குறிக்கிறது. நம் தலையில் அது என்ன செய்யும் என்பதைக் குறிப்பதில்லை.

அதிகம் கவனிக்க வேண்டியது கண். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். பொடியின் நுண்ணிய துகள்கள் கண்ணின் மேற்பரப்பைக் கீறிவிடவும் கூடும். கிணற்றடியில் குனிந்து நின்ற குழந்தைக்குப் பின்புறமாக நீர் வழிந்தோடிற்று. குளியலறையில் பூவாளிக் குழாயின் கீழ் நிமிர்ந்து நிற்கும் குழந்தைக்கு அந்நீர் முகத்தின்மேல் வழிகிறது. ஆகவே பொடியை அப்படியே தேய்ப்பதை விடுத்து, காயை வேகவைத்து வடித்த நீரைப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறோம். சுமார் 50 கிராம் சீயக்காயை விதை நீக்கி, 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் 10 முதல் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். துகள் இல்லாமையால் கண்ணுக்கு ஆபத்து குறைகிறது. அடுக்குமாடி வீடுகளில் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. அப்படியும் கண்ணில் பட்டுவிட்டால் கசக்கக் கூடாது. தூய நீரால் கால் மணி நேரம் தொடர்ந்து கழுவ வேண்டும். சிவப்போ வலியோ பார்வை மங்கலோ நீங்காவிடில், தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வடித்த நீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். கடைப் பொருள்களில் கெடாமல் காக்கும் மருந்து சேர்ப்பதுண்டு. நம் வீட்டுக் கரைசலில் அது கிடையாது. ஆகவே கிருமிகள் அதில் விரைவில் பெருகும். பனிப்பெட்டியில் வைத்தாலும் மறுநாளுக்கு மேல் வைத்திருத்தல் தகாது. உலர்ந்த பொடிக்கும் காவல் வேண்டும். மும்பையின் மழைக்காலத்திலும் கொல்கத்தாவின் புழுக்கத்திலும் ஈரக் காற்றுப் பட்ட பொடி பூசணம் பிடிக்கும். கட்டி தட்டியதும், மக்கல் நாற்றம் வீசுவதுமான பொடியைத் தயங்காமல் எறிந்துவிடுக. இறுக மூடும் டப்பாவில் இட்டு, மேலே பெயர் எழுதி, சமையல் பொடிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பூந்திக்கொட்டை பார்வைக்குப் பழம்போல் தோன்றுவதால் சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளலாம். விழுங்கினால் வாந்தி உண்டாகும்.

அடுத்தது நீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் மிகுந்த நீரைக் கடின நீர் என்கிறோம். டில்லியைச் சூழ்ந்த பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பியுள்ள வீடுகளுக்கு இது பழகிய தொல்லை. கடின நீரில் சோப்பு நுரைக்காமல், பிசுபிசுப்பான படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். சீயக்காய் நீர் சோப்பைப்போல் அவ்வாறு படிவதில்லை. எனினும் நீரிலுள்ள உப்புகள் முடியில் தங்கி அதைச் சொரசொரப்பாக்கவே செய்யும். கொதிக்கவைத்துத் தெளியவிட்ட நீரையோ, வடிகட்டும் கருவியில் வந்த நீரையோ கடைசி ஒரு செம்புக்கு மட்டும் பயன்படுத்தினாலே வேறுபாடு தெரியும்.

இதற்கு மாற்றாகச் சிலர் சமையல் சோடாவைக் கரைத்துத் தலைக்கு விடச் சொல்கிறார்கள். இது வேண்டாத வேலை. நம் தோல் இயல்பாகவே சிறிது அமிலத் தன்மை உடையது. சோடாவோ காரத் தன்மை உடையது. அது முடியின் மேற்செதில்களை எழுப்பிவிடுவதால் முடி சிக்கலடைந்து உடையும். மற்றொரு சாரார் காடியை, அதாவது வினிகரை, அப்படியே ஊற்றுவர். அது தோலைப் புண்ணாக்கும். வேண்டுமானால் 1 லிட்டர் நீரில் ஒரு மேசைக் கரண்டி அளவு கலந்து, முடியில் விட்டு, பின்னர் நல்ல நீரால் அலசிவிடலாம்.

எலுமிச்சம்பழச் சாற்றைப் பற்றித் தனியே ஒரு சொல். டில்லியில் சனவரி மாதக் காலையில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். அந்நாள்களில் தலை முழுகியவர்கள் மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டே கூந்தலை உலர்த்துவார்கள். அவர்கள் பொடுகு போவதற்காக எலுமிச்சைச் சாறு தேய்த்திருந்தால், நெற்றியிலும் கழுத்திலும் வழிந்த சாற்றின்மேல் வெயில் படும்போது தோல் சிவந்து கொப்புளித்து, கருந்தழும்பு நெடுநாள் நிற்கலாம். சாறும் வெயிலும் தனித்தனியே பெரும்பாலும் துன்பம் செய்யாதவை. இரண்டும் ஒரே இடத்தில் சேருவதே தீங்கு.

ஒருவருக்கு ஒத்துக்கொள்வது மற்றொருவருக்கு ஒத்துக்கொள்ளும் என்பது உறுதியன்று. எந்தப் புதிய பொடியையும், புதிய கடையில் வாங்கிய பழைய பொடியையும், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிப் பார்க்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அரிப்போ தடிப்போ தோன்றினால் அது நமக்கு ஆகாது. நிலக்கடலையோ கொண்டைக்கடலையோ ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமற்போகலாம். மூச்சிரைப்பு நோய் உள்ளவர்கள் பொடி பறக்கும் இடத்தில் நிற்கலாகாது. தலையில் புண்ணோ படையோ இருக்கும்போது எந்த மூலிகையையும் தேய்க்காமல் மருத்துவரைக் காண்பதே தக்கது.

மருதாணியைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க இயலாது. மருதாணி இலை தருவது செந்நிறம். அது கருநிறம் தருவதில்லை. அவுரி இலைப் பொடியைத் துணை சேர்த்து முடியைக் கருமையாக்குவதுண்டு. அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். 'கறுப்பு மருதாணி' என்று பெயரிட்டு, சிறிது நேரத்திலேயே கன்னங்கரேலென்று நிறம் தரும் பொருளில் பாராபினிலீன் டையமின் என்னும் இரசாயனம் கலந்திருக்கக் கூடும். சிலருக்கு அது தலையிலும் முகத்திலும் கடும் வீக்கத்தையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். ஒரு முறை ஒவ்வாமை தோன்றிவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரலாம். இந்த இரசாயனம் அடங்கிய தலைச்சாயங்களின் உறைமேல், முன்னதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும், இமைக்கும் புருவத்துக்கும் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்பது நம் நாட்டுச் சட்ட விதி. அவ்வெழுத்து எத்துணைச் சிறியதாயினும், எம்மொழியில் இருப்பினும், படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு படித்தறிவது நம் கடமை. உறையே இல்லாமல் கூம்புகளில் விற்பதை வாங்காதிருப்பதே மேல்.

கைக்குழந்தைகளுக்கு மருதாணி பூசுவதையும் தவிர்க்க வேண்டும். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, தூய மருதாணியே குருதியின் சிவப்பணுக்களைச் சிதைத்து உயிருக்கு இடர் விளைத்ததுண்டு. குறைபாடு இருப்பது பல குடும்பங்களில் முன்கூட்டித் தெரிவதில்லை. கைக்குழந்தையின் தலைக்கு வெதுவெதுப்பான நீரே பெரும்பாலும் போதும். சீயக்காய்க்கு அவசரம் ஒன்றுமில்லை.

இறுதியாக, இவற்றால் ஆவது எது, ஆகாதது எது என்பதையும் தெளிவாக உணர்தல் வேண்டும். தலைமுழுக்கு முடியைத் தூய்மையாக்கும். வேரில் உள்ள நோயைத் தீர்க்காது. இரும்புச் சத்துக் குறைவாலோ, தைராய்டுச் சுரப்பியின் கோளாற்றாலோ, கடுங்காய்ச்சலுக்குப் பின்னரோ முடி கொட்டலாம். அக்குறையை 'இந்த ஊர்த் தண்ணீர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, ஊரிலிருந்து பொடி வரவழைத்துக்கொண்டே காலம் கடத்துவோர் நம்மிடையே பலர். பழி தண்ணீர்மேல் விழுகிறது. நோய் உள்ளே வளர்கிறது.

நேரமில்லாமையால் ஷாம்பு பயன்படுத்துவோர் பழமையைத் துறந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஷாம்பு என்னும் சொல்லே நம் நாட்டிலிருந்து போனதுதான். பிடித்துவிடுதல், அழுத்துதல் எனப் பொருள்படும் 'சாம்ப்னா' என்னும் இந்திச் சொல் அதன் மூலம். 1759இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தி, உடம்பு பிடித்துவிடும் அக்கலையை அங்கே புகழ்பெறச் செய்தார். போன சொல் நுரையாகத் திரும்பி வந்தது.

சொற்கள் ஊர் மாறும்போது பொருள் மாறுவதுபோல், பழக்கங்களும் ஊர் மாறும்போது சில மாற்றங்களை வேண்டுகின்றன. காயைப் பார்த்து வாங்குதல், வடித்துப் பயன்படுத்துதல், அன்றே தீர்த்துவிடுதல், தடவிச் சோதித்தல், கண்ணைக் காத்தல் ஆகிய ஐந்தும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. வீட்டில் மூத்தோர் இல்லாத இடத்தில் அவர்களுடைய கவனத்தை நாம் மேற்கொண்டால் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் இல்லத்துக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து உட்காரவைக்கும்போது, அதன் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, பிறகே நீரை ஊற்றுங்கள்.