பின்னேர விளையாட்டைப் பொறுப்பெடுக்கும் இளையோர்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூரைத் தகடு, விதைநெல், கிணறு துப்புரவு, அடையாள அட்டை என்று பல விடயங்களை இந்தக் கூட்டங்களில் கதைத்து வருகிறோம். இன்று விளையாட்டைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். வீடே அரைகுறையாகக் கிடக்கும்போது விளையாட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் ஒழுங்கு செய்தாலும் செய்யாவிட்டாலும், பின்னேரமானால் பிள்ளைகள் விளையாடத்தான் போவார்கள். அவர்கள் எந்தக் காணியில் விளையாடுகிறார்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணிவெடி அகற்றி முடிந்த காணிகளும் இங்கே உண்டு. முடியாத காணிகளும் உண்டு. பந்து பற்றைக்குள் போனால் எட்டு வயதுப் பிள்ளை யோசிக்காமல் பின்னால் ஓடும். அந்த நேரத்தில் “நில்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அம்மா அடுப்படியில் நிற்பார், அப்பா வயலில் நிற்பார். பதினேழு, பதினெட்டு வயது அண்ணாவோ அக்காவோ பக்கத்தில் நின்றால்தான் அந்தப் பிள்ளையைத் தடுக்க முடியும். விளையாட்டுத் தொண்டர் என்று நாங்கள் சொல்வது இவர்களைத்தான்.

தொண்டர்களின் முதல் வேலை இடத்தைத் தெரிவு செய்வது. பாடசாலை மைதானமாக இருந்தாலும், பாதுகாப்பான காணி என்று அறிவிக்கப்பட்டதா என்று முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள். பிறகு நான்கு பக்கமும் எல்லை போடுங்கள். எல்லைக்கு வெளியே பற்றைக்குள் போன பந்தை யாரும் எடுக்கப் போகக் கூடாது. அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தாலும் பரவாயில்லை; பந்து வேறு வாங்கலாம். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடவோ, கல்லால் எறியவோ, நெருப்பு வைக்கவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். இந்த விதியைச் சிறுபிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்க முன்னர் சொல்லுங்கள்.

அடுத்தது, எல்லாப் பிள்ளைகளையும் சேர்ப்பது. ஒரே ஊர் என்றாலும் சிலர் முகாமிலிருந்து வந்தோம், சிலர் உறவினர் வீடுகளிலிருந்து வந்தோம். பிள்ளைகளுக்கு ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாது. அணி பிரிக்கும்போது இவர்களைக் கலந்து பிரியுங்கள். ஒரு பிள்ளை ஓரத்தில் பேசாமல் நின்றால் இழுத்து விட வேண்டாம். என்ன நடந்தது என்று துருவிக் கேட்கவும் வேண்டாம். புள்ளி எண்ணச் சொல்லுங்கள், பக்கத்தில் இருத்துங்கள். விருப்பம் வரும்போது அந்தப் பிள்ளை தானாக இறங்கும்.

காயப்பட்டவர்களையும் மறக்காதீர்கள். அமர்ந்திருந்து ஆடும் கரப்பந்தாட்டம் உலக அளவில் மாற்றுத்திறனாளிகளின் போட்டிகளில் இடம்பெறும் ஒரு விளையாட்டு. அதற்கு 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் போதும். கால் இழந்த ஒருவர் நல்ல மத்தியஸ்தராகவும் இருக்கலாம், பயிற்றுவிப்பாளராகவும் இருக்கலாம்.

பெண் பிள்ளைகளை அனுப்ப உங்களுக்குத் தயக்கம் இருக்கும். நேரத்தை வெளிச்சத்தோடு முடியுங்கள். தாய்மார் இருவர் முறை வைத்து வந்து இருங்கள். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2009இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடினார். அவர் போன்றவர்களும் ஊர் மைதானத்தில்தான் பந்தைப் பிடிக்கப் பழகுகிறார்கள். பழக்கிவிட ஒரு அக்கா அங்கே நிற்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சமல்ல. படிப்பு இடைநின்ற பலர் இங்கே இருக்கிறீர்கள். இருபது பிள்ளைகளை ஒழுங்காக நிற்க வைக்கவும், சண்டை வந்தால் இரு பக்கத்தையும் கேட்டுத் தீர்க்கவும் பழகுவீர்கள். கூட்டக் குறிப்பு எழுதவும், பந்து வாங்கிய காசுக்குக் கணக்குக் காட்டவும் தெரிந்துகொள்வீர்கள். நாளைக்கு ஒரு தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, கழகச் செயலாளராக இருந்தேன், பொருளாளராக இருந்தேன் என்று எழுதலாம். கழகம் அதற்குக் கடிதம் தரலாம். எல்லாவற்றையும் விட, இவ்வளவு காலமும் வரிசையில் நின்று உதவி வாங்கிய நீங்கள், ஊருக்கு ஒன்றைக் கொடுப்பவர்களாக இருப்பீர்கள். சின்னப் பிள்ளைகள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருவார்கள்.

பெற்றோரே, உங்கள் மகனையோ மகளையோ கிழமையில் இரண்டு பின்னேரம், ஒவ்வொரு மணித்தியாலம் இதற்கு விடுங்கள். தோட்ட வேலையும் படிப்பும் அதனால் கெட்டுப்போகாது.

தொடங்குவதற்குப் பெரிய செலவும் இல்லை. கரப்பந்தாட்டம் எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டு. 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், சுற்றி ஓடக் கொஞ்ச இடம், இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். ஒரு சிரமதானத்தில் நிலத்தை மட்டப்படுத்தலாம். கோட்டைச் சாம்பலால் போடலாம். கிளித்தட்டுக்குப் பந்தும் தேவையில்லை. எப்போதும் குறைந்தது இரண்டு தொண்டர்கள் சேர்ந்து நில்லுங்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு எல்லாம் தெரிகிற இடத்தில் விளையாட்டை வையுங்கள். கழகத்தைப் பதிவு செய்வது பற்றிப் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ள இளையோர் அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடம் பெயரைப் பதியுங்கள். முதலில் காணியைப் பற்றிக் கேட்டு உறுதிப்படுத்துவோம். அதற்குப் பிறகு கம்பம் நடுவோம்.