ஆட்டிசக் குழந்தைகளின் கல்வியும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பெற்றோர் இருவர் சார்பில் ஆற்றிய உரை)



பாட்டும் நாடகமும் நிகழ வேண்டிய மேடையில் இத்தகைய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் மகனுக்கு இப்பொழுது வயது 14. இதுகாறும் இச்சங்கத்தின் விழாக்களுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வந்ததில்லை. ஒலிபெருக்கியின் ஓசை அவன் செவியில் அடி போல் விழும். ஆகையால் ஒருவர் வந்தால் மற்றவர் அவனுடன் வீட்டில் இருப்போம். இன்று அவனும் வந்திருக்கிறான். செவிகளை மூடிக்கொண்டு, பின்வாயிலருகே பாட்டியின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறான். அவனையொத்த குழந்தைகளின் கல்வியைக் குறித்துச் சில சொற்கள் கூற உங்கள் அனுமதியை வேண்டுகிறோம்.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்குவர். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைக் கண்டறிந்து இதனை விவரித்தார். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. பேச்சிலும் பிறருடன் பழகுவதிலும் இடர்ப்பாடு, மாறுதலைக் கண்டால் கலக்கம், ஓசையும் ஒளியும் பொறுக்கவியலாமை ஆகியவை இதன் இயல்புகள். எல்லாக் குழந்தைகளிடமும் இவை ஒரே அளவில் இரா. தாயின் அன்பின்மையே காரணம் என்று கற்றறிந்தோரே ஒருகாலத்தில் பழி கூறினர். தாமே அத்தகைய மகனைப் பெற்ற உளநூலறிஞர் பெர்னார்டு ரிம்லாண்டு 1964இல் ஒரு நூல் எழுதி அதனை மறுத்தார். நூலோர் கைவிட்ட அப்பழியை நம் அக்கம்பக்கத்தார் இன்னும் கைவிட்டாரில்லை. இம்மேடையில் பேசும் எங்களில் ஒருவர் அதனை நன்கு அறிவார்.

செல்வம் மிகுந்த நாடுகளிலும் இக்கல்வியைத் தொடங்கி வைத்தோர் பெற்றோரே என்பது நினைவில் வைக்கத்தக்கது. 1962இல் இலண்டனில் பெற்றோர் சிலர் கூடிச் சங்கம் அமைத்தனர். 1965இல் ஈலிங் பகுதியில் பள்ளி கண்டனர். நம் நாட்டில் மெர்ரி பருவா என்னும் தாயார் 1991இல் தில்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். நம் புனேயில் காமாயனிப் பள்ளி அறிவுவளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கு 1964 முதல் பணியாற்றி வருகிறது. ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே பிரசன்னா மையமும் இங்கு உண்டு. ஆயினும் தேவைக்கும் இத்தகைய இடங்களுக்கும் உள்ள தொலைவு பெரிது.

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் குறித்தே ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 முதல் 18 வயது வரை, உரிய அளவு ஊனமுடைய குழந்தைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்குகிறது. அத்தனையும் ஏட்டில் இருக்க, எங்கள் மகனைச் சேர்த்துக்கொண்ட ஒரு பள்ளி, மற்றப் பெற்றோர் முறையிடுகின்றனர் என்று மூன்றாம் மாதமே அவனை அனுப்பிவிட்டது. அன்று புத்தகப் பையைக் கழற்ற மறுத்து வாயிற்படியிலேயே மாலை வரை அவன் நின்றிருந்தான்.

புலம் பெயர்ந்த தமிழரான நமக்கு மற்றுமொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கடையில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம்! பல மொழிகள் குழந்தையைக் குழப்பும். ஆங்கிலம் ஒன்றே பேசுக என்று எங்களுக்கு அறிவுரை கூறினர். நாங்களும் இரண்டாண்டுகள் அவ்வாறே செய்தோம். தமிழன்றி வேறு மொழியறியாத பாட்டி, பேரன் முன் வாய் மூடி இருந்தார். இருமொழிச் சூழலால் இக்குழந்தைகளின் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்று ஆராய்ச்சியாளர் கண்டிருப்பதைப் பின்னரே ஓர் ஆசிரியை எங்களுக்கு எடுத்துரைத்தார். அவர் சொற்படி பழைய நாட்காட்டிப் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டினோம். குளியல், சிற்றுண்டி, நடை, உறக்கம் என்று அன்றைய வேலைகளை வரிசையாகச் சுவரில் மாட்டினோம். பித்தளை டம்ளரின் படத்தை அவன் எடுத்து நீட்டும்போதெல்லாம் பாட்டி "தண்ணி" என்று சொல்லி நீர் கொடுப்பார். எட்டு மாதம் சென்றபின் ஒரு நாள் படத்தைத் தேடாமல் அவனே "தண்ணி" என்றான். அதுவே அவன் பேசிய முதற்சொல். அப்பொழுது அவனுக்கு வயது 7.

வல்லுநர் அரிதான நாடுகளில் இவ்வழி வீண் போகாது என்பதற்குச் சான்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு ஆய்வொன்று நடைபெற்றது. அதன் முடிவு 2016இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற எளிய நலப்பணியாளர்கள் இல்லந்தோறும் சென்று, குழந்தையின் குறிப்பறிந்து பேசும் முறையைப் பெற்றோருக்குக் கற்பித்தனர். அப்பெற்றோரின் குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது மிகுந்தது. ஆட்டிசம் நீங்கிற்று என்று எவரும் கூறவில்லை. குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே வழி திறந்தது.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம். முதலாவது, விழா நாட்களில் ஓசையற்ற ஓர் அறையை ஒதுக்குங்கள். இரண்டாவது, நமது தமிழ் வகுப்பில் இத்தகைய குழந்தைகளுக்கும் இடம் தாருங்கள். படஅட்டைகளைச் செய்து தர நாங்கள் இருக்கிறோம். மூன்றாவது, கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் ராஸ்தா பேட்டையிலும் இத்தகைய குழந்தையைக் கதவுக்குள் வைத்து வளர்க்கும் தமிழ்க் குடும்பம் ஏதேனும் இருப்பின், அவர்களைத் தேடிச் சென்று அழைத்து வாருங்கள்.

எங்களுக்குப் பின் இவனுக்கு யார் என்னும் கேள்வி இரவுதோறும் எங்களுடன் உறங்குகிறது. அதற்கு முழு விடை உங்களிடம் இல்லை என்பதை அறிவோம். ஆயினும் இவன் பெயரையும் இவன் விருப்பு வெறுப்புகளையும் அறிந்தோர் இந்நகரில் பத்துப்பேர் இருந்தால், அக்கேள்வியின் பாரம் சிறிது குறையும். விழா முடிந்ததும் பின்வாயிலருகே வாருங்கள். அவன் உங்கள் முகம் பார்க்காமல் இருக்கக்கூடும். அதனைப் பொருட்படுத்தாமல் அவன் பெயர் சொல்லி, மெல்லிய குரலில் தமிழில் பேசுங்கள்.