மலை வாய்க்காலும் மலைக்கு வரும் விருந்தினரும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐரோப்பாவிலுள்ள ஆல்ப்ஸ் மலைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் உல்லாசப் பிரயாணம் செல்கின்றனர். குளிர்காலத்தில் பனிமீது சறுக்கி விளையாடுவோரும் உண்டு. கோடையில் மலைப்பாதைகளில் நடப்போரும் உண்டு. அவர்கள் கண்டு மகிழும் காட்சிகளில் பெரும் பகுதி, விவசாயிகள் தம் பிழைப்புக்காக உண்டாக்கியது. அதனையே இன்று உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

ஸ்விட்சர்லாந்தின் தென்மேற்கில் வாலே என்னும் மாநிலம் இருக்கிறது. சுற்றிலும் பனிச்சிகரங்கள் இருந்தும், அவை மேகங்களைத் தடுத்துவிடுவதால் பள்ளத்தாக்கில் மழை குறைவு. புல்லும் திராட்சையும் வாடும். ஆகவே மலைமேல் பனி உருகி ஓடும் நீரைத் திருப்பி, சரிவுகளின் வழியே வெகுதூரம் வாய்க்கால் கொணர்ந்தனர். செங்குத்தான பாறை குறுக்கிட்ட இடங்களில், பாறையில் துளையிட்டு உத்தரங்களைச் செருகி, அவற்றின்மேல் பலகைத் தொட்டிகளை வைத்து நீரை நடத்தினர். ஆயான் என்னும் ஊரின் வாய்க்கால் 1442-இல் அமைந்தது. 2019-இல் வெளியான 100 பிராங்க் நோட்டில் அதன் படத்தை அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு வாய்க்காலுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

பங்குடையோர் கூடி, இன்னாருக்கு இத்தனை மணி நேரம் நீர் என்று முறை வகுத்தனர். அப்பங்கை மரத்துண்டுகளில் வெட்டுக்குறியிட்டுக் காத்தனர். எழுத்தறியாதவரும் தம் உரிமையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வசந்தகாலத்தில் ஒன்றுகூடி மராமத்துச் செய்தனர். நீரோட்டத்தில் சுழலும் சக்கரம் ஒரு மரச்சுத்தியலை அடித்துக்கொண்டே இருக்கும். ஓசை நின்றால், எங்கோ உடைப்பு என்று காவற்காரர் ஓடுவார். காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கவேண்டிய உத்தியோகம் அது!

மேய்ச்சலுக்கும் கட்டுப்பாடு உண்டு. தோர்பெல் என்னும் ஊரில் 1517-இல் ஏற்பட்ட விதி இது: குளிர்காலம் முழுவதும் தன் தீவனத்தால் எத்தனை பசுக்களைக் காக்க ஒருவரால் முடியுமோ, அத்தனை பசுக்களையே கோடையில் ஊர்ப்பொது மேய்ச்சலுக்கு அவர் ஓட்டலாம். அம்மாநிலத்து எரான் இனப் பசுக்கள் மந்தையின் தலைமைக்காகத் தாமே கொம்பு கோத்து மோதும். வெல்லும் பசுவுக்கு ‘அரசி’ என்று பெயர். அந்த மோதலைக் காணவும் பிரயாணிகள் திரளுகின்றனர்.

வாய்க்காலைக் கண்காணிக்க அமைத்த ஓரப்பாதைகளே இன்று நடைபாதைகளாகப் பயன்படுகின்றன. சாவியேஸ் ஊரின் பழைய வாய்க்கால், 1935-இல் மலையைக் குடைந்து சுரங்கம் அமைந்தபின் கைவிடப்பட்டது. பின்னாளில் அதைப் பழுதுபார்த்து, தொங்குபாலங்களும் கட்டி, நடப்போருக்குத் திறந்துவிட்டனர். ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட சில ஐரோப்பிய நாடுகளின் பரம்பரைப் பாசன முறையை 2023-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

விருந்தினர் வரவால் நன்மை மட்டுமே விளையும் என்று நாம் சொல்லவில்லை. வெளியூர்ச் செல்வர்கள் மலைக் கிராமங்களில் வீடு வாங்கினர். ஆண்டில் சில வாரங்களே தங்குவர். மற்ற நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும். நிலத்தின் விலை ஏறவே, உள்ளூர் இளைஞர் வீடு கட்ட இயலாத நிலை பல ஊர்களில் வந்தது. பூட்டிய வீட்டிலிருந்து மண்வெட்டியுடன் மராமத்துக்கு யார் வருவார்? 2012 மார்ச்சில் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. இத்தகைய வீடுகள் 20 சதவிகிதத்தைத் தாண்டிய ஊர்களில் மேலும் கட்டலாகாது என்னும் கட்டுப்பாடு, மிகச் சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறிற்று. அதற்கான சட்டம் 2016 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் வாலே மக்கள் பெருவாரியாக அதை எதிர்த்தே வாக்களித்தனர். அவ்வீடுகளைக் கட்டிக் கூலி பெற்ற கொத்தர்களும் தச்சர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் மனத்தாங்கலில் நியாயம் இல்லாமல் இல்லை.